ஒற்றைக் கண் அழுகை

மண்டி மொஹல்லாவில் பல் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தான் தொட்டையன். ஹனூர்க்காரன், மைசூரில் டைல்ஸ் ஒட்டும் வேலை. ஊசி போட்டதில் வலது கன்னம் மரத்து, வாய் ஒரு பக்கமாகத் தொங்கியது. வலது கண்ணை மூடவே முடியவில்லை; அதிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. "மரப்பு போற வரைக்கும் அப்படித்தான். பஞ்சைக் கடிச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் வாயத் திறக்காதீங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

மழை பிடித்துக்கொண்டது. எதிரே போட்டிருந்த ஷாமியானாவுக்குள் ஓடி ஒதுங்கினான். ஒதுங்கிய பிறகுதான் அங்கே பிணம் கிடப்பதைப் பார்த்தான்.

இறந்தவர் குப்புசாமி. தண்ணீர்க் குழாய், ஸ்கூட்டர் நிறுத்துகிற இடம், கோலப்பொடி என்று எதற்காகவாவது அவர் சண்டை பிடிக்காத வீடு அந்தச் சந்தில் கிடையாது. வந்திருந்தவர்கள் கடமைக்கு உட்கார்ந்து செல்போனைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். தொட்டையனின் முகத்தைப் பார்த்ததும் எல்லாக் கைகளும் நின்றுவிட்டன.

"யாருங்க நீங்க? பெரியப்பாவ உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான் குப்புசாமியின் தம்பி மகன் சுரேந்தர்.

தொட்டையன் தலையை ஆட்டிவிட்டுத் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினான்.

"இவரையும் அறைஞ்சிருக்காரு உங்க பெரியப்பா!" என்றார் பக்கத்து வீட்டு பசவராஜ். "அடி வாங்கிட்டும் வந்து அழுறாரே, நம்மளும் மனுசங்கதானா?" சொல்லிவிட்டு அவரே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுரேந்தர் மூக்கை உறிஞ்சினான். தொட்டையனைப் பிணத்தின் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். காபி வந்தது; வேண்டாமென்று கையசைத்தான்.

"பாவம், காபிகூட இறங்கல" என்றது கூட்டம்.

குப்புசாமியின் மனைவி பூவாத்தாள் எழுந்து வந்து, அவன் முகத்தையே வெகு நேரம் பார்த்தாள். பிறகு காதருகே குனிந்தாள்.

"பல்லு புடுங்குனீங்களா தம்பி?"

அவன் திடுக்கிட்டுத் தலையசைத்தான்.

"கைக்குட்டையில ரத்தம். பையில மாத்திரச் சீட்டு. இடது கண்ணு காஞ்சு கெடக்குது."

அவன் எழப் பார்த்தான். அவள் தோளை அழுத்தினாள்.

"இருங்க. காலையில இருந்து எனக்கே அழுக வரலீங்க. இந்த மனுசனுக்கு ஒரு கண்ணாவது அழுவட்டும்."

அவன் உட்கார்ந்துவிட்டான். மழை விட்டதும் பாடையைத் தூக்கினார்கள். முன் கொம்பை அவன் தோளில்தான் வைத்தார்கள். சந்து முனை திரும்பும்போது மரப்பு விட்டது. தாடையிலிருந்து காது வரைக்கும் வலி வெட்டி இழுத்தது.

"ஐயோ, அம்மா!" என்று வாய்விட்டுக் கதறினான் தொட்டையன்.

அது பல்வலி என்று வாசலில் நின்ற பூவாத்தாளுக்குத் தெரியும். தெரிந்தும், கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு அவளும் ஓவென்று அழத் தொடங்கினாள்.