சத்தமாகப் படித்த முகவரி

காலை ஒன்பது மணிக்கெல்லாம் குழந்தைகள் டாக்டரின் கிளினிக்கில் உட்கார இடம் இருக்காது. நாலு பெஞ்சு, பத்து பிளாஸ்டிக் நாற்காலி. அதற்கு மேல் வருகிறவர்கள் சுவரோரம் நிற்க வேண்டியதுதான். ஒரு குழந்தை அழ ஆரம்பித்தால் போதும், மற்றதெல்லாம் கூட்டுச் சேர்ந்துகொள்ளும். அத்தனை அழுகையையும் தாண்டிக் கேட்கிற குரல் ஒன்று உண்டு. வாசல் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து சீட்டு எழுதும் அக்காவின் குரல்.

"மூணு நாளா வெளிக்குப் போகாத குழந்தை யாரு? உள்ள வாங்க!"

"தலையில பேன், சொறி... அந்தப் பச்சைச் சட்டைப் பையன்! அடுத்தது நீங்கதான், தயாரா இருங்க!"

கூடமே திரும்பிப் பார்க்கும். பச்சைச் சட்டைப் பையனின் அம்மா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போவாள். கம்பவுண்டர் வைத்த 'ஸ்பீக்கர் அக்கா' என்ற பெயர் இருபது வருடமாக நிலைத்துவிட்டது. அக்காவுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அக்கா கெட்டவள் இல்லை. களைத்துப்போனவள். வீட்டில் கணவர் படுத்த படுக்கையாகி மூன்று வருடம் ஆகிறது. விடியற்காலையில் எழுந்து அவரைத் துடைத்து, உடை மாற்றி, கஞ்சி ஊட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு இங்கே வந்து சேரும்போதே பாதி உயிர் போயிருக்கும். முழங்கால் இரண்டும் வீங்கிக் கிடக்கும். மேஜைக்கு அடியில் ஒரு பழைய மருந்துப் பெட்டியைப் போட்டு அதன் மேல் காலை நீட்டிக்கொள்வாள். அப்புறம் மதியம் வரை இதே கதைதான்: பெயர் என்ன, வயது என்ன, அப்பா பெயர் என்ன, முகவரி என்ன, போன் நம்பர் என்ன.

எதை எழுதினாலும் அதை வாய்விட்டுப் படிப்பது அவள் வழக்கம். அதற்கும் காரணம் உண்டு. எட்டு வருடத்துக்கு முன்னால், ஒரே பெயருள்ள இரண்டு குழந்தைகளின் ரிப்போர்ட்டை மாற்றிக் கொடுத்துவிட்டாள். டாக்டர் அன்றைக்குத் திட்டிய திட்டில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படித்து, எதிரில் இருப்பவர் தலையை ஆட்டிய பிறகே அடுத்த வரிக்குப் போவாள். தப்பு வந்துவிடக் கூடாதே என்ற பயம்தான். அந்தப் பயமே இன்னொரு தப்பாக முடியும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அவளுக்கே தோன்றவும் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை, தையல் கம்பெனியில் சட்டைக் காலர் தைக்கும் ஒரு பெண் நாலு வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பதினைந்து நாளாகக் குழந்தைக்கு விட்டு விட்டுக் காய்ச்சல். டாக்டர் பார்த்துவிட்டுச் சிறுநீர், ரத்தம் இரண்டும் பரிசோதிக்கச் சொல்லியிருந்தார். பரிசோதனைக்கு அனுப்ப வேண்டுமென்றால் அட்டையை முழுதாக நிரப்பியாக வேண்டும்.

"அட்ரஸ் சொல்லும்மா" என்றாள் அக்கா.

அந்தப் பெண் பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "போன் நம்பர் மட்டும் போதாதாக்கா?"

"போதாது. அட்ரஸ் இல்லாம டெஸ்ட்டுக்கு அனுப்ப முடியாது. ரூல்."

"அப்ப எழுதித் தர்றேன்."

மேஜை மேல் கிடந்த துண்டுச் சீட்டை எடுத்து, இடது கையால் மறைத்தபடி எழுதி, மடித்து நீட்டினாள். அக்கா அதைப் பிரித்தாள். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். கை அட்டையில் எழுத, வாய் வழக்கம் போலப் படித்தது.

"தண்ணித் தொட்டிக்குப் பின்னால... நாலாவது சந்து... பதினேழாம் நம்பர்... பச்சைக் கேட்... மாடியில கடைசி ரூம். சரிதானே?"

"அக்கா, கொஞ்சம் மெதுவா..."

"என்னது? காதுல விழல, சத்தமாச் சொல்லு."

"மெதுவாப் படிங்கக்கா."

"ஏம்மா, உன் அட்ரஸை யாரு திருடிட்டுப் போகப்போறா? அதென்ன, வீடு நிறைய நகையா வச்சிருக்க?" பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிப்புக் கேட்டதும் அக்காவுக்கும் கொஞ்சம் உற்சாகம் வந்தது. "அப்பா பேரு போடலையே?"

"வேண்டாம்."

"வேண்டாம்னா? அப்பா இல்லாமலா பிள்ளை வந்துச்சு?"

இப்போது கூடமே சிரித்தது. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. குழந்தையின் முகத்தைத் தன் கழுத்தோடு அணைத்துக்கொண்டு நின்றாள். வேகமாக ஒரு பெயரைச் சொன்னாள். அக்கா அதையும் சத்தமாகப் படித்தாள், போன் நம்பரையும் படித்தாள். பிறகு மூன்று நாள் கழித்து வரச்சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அந்தப் பெண் வெளியே போவதற்குள் அவளை மறந்தும் போனாள். ஒரு நாளைக்கு அறுபது பேர் வருகிற இடத்தில் யாருடைய முகம் மனதில் நிற்கும்?

வியாழக்கிழமை ரிப்போர்ட் வந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு அக்காவை உள்ளே கூப்பிட்டார்.

"இந்தக் குழந்தைக்குச் சிறுநீரகத்துல கிருமி இருக்கு. உடனே மருந்து ஆரம்பிக்கணும். தள்ளிப்போட்டா சிறுநீரகமே கெட்டுப்போகலாம். அவங்க அம்மாவுக்குப் போன் பண்ணுங்க."

போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வெள்ளிக்கிழமையும் அப்படியே. கம்பவுண்டர், "வேற டாக்டர்கிட்ட போயிருப்பாங்க, விடுங்கக்கா" என்றார். அக்காவுக்கு விட மனம் வரவில்லை. சனிக்கிழமை மதியம் கிளினிக்கைப் பூட்டியதும் ரிப்போர்ட்டையும் மருந்துச் சீட்டையும் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். முகவரியை எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வாய்விட்டுப் படித்தது மனப்பாடமாகியிருந்தது.

தண்ணீர்த் தொட்டி வரை பஸ், அதன் பிறகு நடை. வெயில் மண்டையைப் பிளந்தது. நாலாவது சந்தில் பச்சைக் கேட்டைப் பார்த்ததும், வீடு தேடி வந்து மருந்து கொடுக்கிற தன் நல்ல மனசை நினைத்து அவளுக்கே ஒரு திருப்தி.

கேட்டைத் தட்டியதும் வீட்டுக்கார அம்மாள் வந்தாள். கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு உள்ளே நின்றபடியே மேலும் கீழும் பார்த்தாள்.

"மாடியில கடைசி ரூம்ல இருக்கிற பொண்ணைப் பார்க்கணும்."

"உங்களுக்கு இந்த அட்ரஸ் யாரு குடுத்தது?"

அக்கா தடுமாறிப்போனாள். கிளினிக் பெயரைச் சொன்னாள், ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினாள். குழந்தையின் பெயரைப் பார்த்த பிறகே கேட் திறந்தது.

"அவ போயிட்டா. புதன்கிழமையே போயிட்டா" என்றாள் வீட்டுக்கார அம்மாள். "நாலு மாசமா இங்க இருந்தா. ஒரு சத்தம் கிடையாது, ஒரு விருந்தாளி கிடையாது. தையல் கம்பெனிக்குப் போவா, வருவா, அவ்வளவுதான். புருஷன் அடி தாங்காம ஓடி வந்தவ. எங்கிட்டயே ரெண்டு மாசம் கழிச்சுத்தான் சொன்னா. புதன்கிழமை சாயங்காலம் அந்த ஆளு நேரா வந்து நின்னான். எந்த வீடுன்னு யார்கிட்டயும் கேக்கல. விறுவிறுன்னு மாடி ஏறிட்டான்."

"ஐயோ. அப்புறம்?"

"கதவை உடைச்சுட்டான். அவ பின்பக்கப் படியில குழந்தையைத் தூக்கிட்டு இறங்கி ஓடினா. செருப்புகூடப் போடல. நான் கத்தி ஆளைக் கூட்டறதுக்குள்ள அவனும் போயிட்டான். இப்ப வேலையும் போச்சு, இருக்க இடமும் போச்சு. யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்கம்மா. எந்தப் பாவி சொன்னாளோ, அவ நல்லா இருப்பாளா?"

திங்கட்கிழமை கூடத்தில் எழுந்த சிரிப்பு அக்காவின் காதில் விழுந்தது. குடிக்கத் தண்ணீர் கேட்க நினைத்தாள், கேட்கவில்லை. இந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று பட்டது. "அவங்க கூப்பிட்டா ரிப்போர்ட் வந்திருக்குன்னு மட்டும் சொல்லுங்க. குழந்தைக்கு மருந்து அவசரம்" என்று கிளினிக் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். அன்று வீட்டுக்குப் போய்க் கணவருக்குச் சோறு ஊட்டும்போது, "என்ன, பேச்சே காணோம்?" என்று அவர் கேட்டார். தலைவலி என்று சொல்லி மழுப்பினாள்.

செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்குக் கிளினிக் போன் அடித்தது. தெரியாத நம்பர். யாருடைய போனையோ வாங்கிப் பேசுவது போல ஒரு அவசரக் குரல்.

"ரிப்போர்ட் வந்திருக்குன்னு சொன்னாங்க. என் பொண்ணுக்கு என்ன?"

அக்கா பெயரைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. கூடத்தில் இருபது பேர் இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து, முழங்கால் வலியோடு நடந்து, போனை டாக்டரின் அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள். டாக்டர் நோயை விளக்கினார். மருந்தின் பெயரை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை சொன்னார், அளவைச் சொன்னார். "இன்னைக்கே பக்கத்துல இருக்கிற எந்த டாக்டர்கிட்டயாவது குழந்தையைக் காட்டுங்க. நான் சொன்னதை அப்படியே சொல்லுங்க. இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல" என்று தைரியம் சொல்லி, போனை அக்காவிடம் நீட்டினார்.

"உங்களைக் கேக்கறாங்க."

அக்கா வாங்கிக் காதில் வைத்தாள்.

"அக்கா, அன்னைக்கு உங்க பெஞ்சுல என் வீட்டுக்காரர்கூட வேலை பாக்கற ஒருத்தர் உக்காந்திருந்தாராம். பிரிஞ்ச குடும்பத்தைச் சேர்த்து வைக்கலாம்னு நல்ல எண்ணத்துலதான் போய்ச் சொல்லியிருக்காரு. இவரு வந்து கதவுக்கு வெளிய நின்னுக்கிட்டு அதையெல்லாம் சொல்லிட்டு, 'பச்சைக் கேட், மாடியில கடைசி ரூம், சரிதானே?'ன்னு கேட்டாரு. நீங்க கேட்ட மாதிரியே."

"அம்மா, எனக்குத் தெரியாது... சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. மன்னிச்சிடும்மா."

"உங்க மேல கோபம் இல்லக்கா. கோபப்படத் தெம்பும் இல்ல. நாலு மாசம் கடைக்காரர்கிட்டகூட என் பேரைச் சொன்னதில்ல. குழந்தையைப் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனதில்ல. டாக்டர்கிட்ட மட்டும் பொய் சொல்லக் கூடாதுன்னு நினைச்சு உண்மையை எழுதிக் குடுத்தேன். அங்கதான் ஏமாந்துட்டேன். காரணம் சொன்னாத்தான் மெதுவாப் பேசுவீங்களாக்கா? காரணம் தெரியாட்டியும் மெதுவாப் பேசியிருக்கலாமே."

போன் நின்றுவிட்டது. அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. மேஜைப் பக்கம் தள்ளி வைத்திருந்த குழந்தையின் அட்டையை எடுத்தார்.

"புது அட்ரஸ், புது போன் நம்பர் வாங்கினீங்களா?"

"வாங்கல டாக்டர்."

"என்னம்மா நீங்க? அட்டை காலியா இருக்கக் கூடாதுன்னு தெரியாதா?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்ததையெல்லாம் சொன்னாள். துண்டுச் சீட்டு, தான் செய்த கேலி, கூடம் சிரித்தது, பச்சைக் கேட், உடைந்த கதவு, எதையும் மறைக்கவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னாள். டாக்டர் அட்டையை மேஜை மேல் வைத்தார். வெளியே ஏதோ ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

"தப்பு உங்களோடது மட்டும் இல்ல. இந்த ரூலைப் போட்டது நான்தானே" என்றார்.

"இருபது வருஷத்துல இந்த அட்ரஸை வச்சு யாருக்காவது ஒரு கடிதம் போட்டிருக்கோமா டாக்டர்?"

"இல்ல."

"அப்பா பேரை வச்சு எந்தக் குழந்தைக்காவது மருந்து மாத்தி எழுதியிருக்கீங்களா?"

டாக்டர் இல்லையென்று தலையை ஆட்டினார். மேஜை ஓரத்தில் புதிதாக அச்சடித்து வந்த அட்டைகள் கட்டாக இருந்தன. அக்கா ஒன்றை உருவி எடுத்து, முகவரி வரியையும் அப்பா பெயர் வரியையும் பேனாவால் அடித்து அவர் முன்னால் வைத்தாள்.

"நமக்குத் தேவையில்லாததைக் கேக்கவே கூடாது டாக்டர். கேட்டு வாங்கினா அதைப் பத்திரமா வச்சிருக்கணும். ஒருத்தரோட பேரும் வீடும் நோயும் அவங்க சொத்து, ஊர் சொத்து இல்ல. எதுக்கு மறைக்கிறேன்னு அவங்க நமக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்ல. ஒருத்தங்க மறைக்கிறாங்கன்னா அதுல அவங்க உயிரே இருக்கலாம்னு நினைச்சு வாயை மூடிக்கிறதுதான் நம்ம வேலை. எனக்கு இது புரியறதுக்கு ஒரு பொண்ணு கையில குழந்தையோட செருப்பில்லாம ஓட வேண்டியிருந்துச்சு."