தராசில் விழித்த மீன்கள்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடலூர் துறைமுகத்தில் ஐஸ் போட்டு வைத்திருந்த செத்த மீன்கள் எல்லாம் உயிர் பெற்றுக் கடலுக்குத் திரும்பிப் போயின. முதலில் பாரைகள் குதித்தன, பின்னாலேயே சங்கரா. வெட்டி வைத்திருந்த வஞ்சிரத் துண்டுகள்கூடப் பலகையில் நெளிந்தன.

காரணம் இசைவாணிக்குத் தெரியும். வேதியியல் படித்த அவள், தில்லைநாதனின் ஐஸ் கம்பெனிக்கு மேனேஜர். ஐஸ் உறைய வைக்கும் உப்புநீர்த் தொட்டி எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று கேட்டால் மட்டும் தயங்காமல் பேசுவாள். புதிதாக வந்த இன்னொரு ஐஸ் கம்பெனி பாதிப் படகுகளை இழுத்துக்கொண்டதால், பொங்கலுக்குள் இதை மூடிவிடுவார்கள் என்று பேச்சு. அப்போதுதான் தில்லைநாதன் சிதம்பரத்து ஓட்டலில் முதலாளிகளுக்கு நடந்த வகுப்புக்குப் போய்வந்து, "கணக்கு சொன்னா எவனும் கேக்க மாட்டான்மா, கதை சொல்லு. இப்பல்லாம் தொழிலே அதுலதான் ஓடுது" என்றார். திங்கட்கிழமை படகுக்காரர்களைக் கூட்டி டீ கொடுத்தார்கள். இசைவாணி, தங்கள் ஐஸ் பட்டால் மீன் கண் திறக்கும், செவுள் அசையும், வீட்டு ஞாபகம் வரும் என்று சொல்லி முடித்தாள். கைதட்டினார்கள். ஐஸ் அன்றே விற்றுத் தீர்ந்தது.

மறுநாள் மதியம் அதே ஆட்கள் கம்பெனி கேட்டில் நின்றார்கள். "யம்மா மேனேஜரு, மீனு கெட்டுப்போவாம இருக்கத்தான ஐஸ் வாங்குறோம்? பொழைக்க வெக்கச் சொன்னது யாரு?" என்றார் படகுக்காரர் சடையப்பன். "போவும்போது என்னைத் திரும்பி மொறச்சிட்டுப் போவுது மச்சான் அந்தச் சுறா" என்றான் பின்னால் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை. இவர்களும் போய்விட்டால் கம்பெனி அன்றைக்கே முடிந்தது. வேலையாட்கள் இசைவாணியின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். "மாத்திச் சொல்லும்மா" என்று தில்லைநாதன் முணுமுணுத்தார்.

வெறும் ஐஸ்தான் என்று இசைவாணி சொல்லலாம். வெறும் ஐஸ் அந்தப் புதுக் கம்பெனியில் இதைவிட மலிவு.

"படகுல தூங்கும். லாரியிலயும் தூங்கும்" என்றாள். "சிதம்பரம் மார்க்கெட்டுல தராசுல வெச்சாதான் முழிச்சிக்கும்."

அப்படியே நடந்தது. மார்க்கெட்டில் மீன் விற்கும் சவரியம்மாள், தட்டில் கிடந்த கொடுவா கண் திறந்ததைப் பார்த்து, போட்டது போட்டபடி கீழவீதி வரைக்கும் ஓடினார். சாயங்காலம் திரும்பி வந்து கிலோவுக்கு நூறு ரூபாய் ஏற்றினார். ஒரு வருடத்தில் கம்பெனிக்கு இரண்டாவது தொட்டி வந்தது. புதுக் கம்பெனிக்காரர்கள் தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டார்கள். துள்ளாத மீனைப் பழசு என்று சிதம்பரத்தில் யாரும் தொடுவதில்லை. வாங்க வருகிறவர்கள் மூடி போட்ட தூக்குவாளியோடு வருகிறார்கள்.

இசைவாணி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் முதன்முதலாக அந்த மார்க்கெட்டுக்குப் போனாள். சவரியம்மாள் தராசுத் தட்டில் வைத்த சங்கரா கண் திறந்து, தெரிந்தவளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தது.

"பாவமா இல்லியாக்கா?" என்று கேட்டாள்.

"மொத ரெண்டு நாளு இருந்துச்சு" என்றார் சவரியம்மாள். "சும்மா நிக்காத பாப்பா, தலைய அமுக்கிப் புடி. தராசுல நம்பரு நிக்க மாட்டேங்குது பாரு."

இசைவாணி அமுக்கிப் பிடித்தாள். நம்பர் நின்றது.