வரும் மாதம் பருவத்துக்கு வரும் பசுக்கள்

கண்டக்டர் தீர்த்தகிரி பஸ் படியை விட்டு இறங்காமலே ஒரு பழுப்புக் கவரை நீட்டினான். குடுவை எங்கேப்பா என்று கேட்டேன். "கவருதாங்க குடுத்தாங்க. குடுவை இல்லையான்னு கேட்டேன், எல்லாம் உள்ள எழுதிருக்குன்னாங்க" என்று சொல்லிவிட்டு விசிலை ஊதினான். பஸ் போய்விட்டது. எனக்குப் பின்னால் வெங்கடம்மாள் தன் பசுவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். காலையிலிருந்து நிற்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கவருக்குள் ஐஸ் குடுவை இருக்காது என்று தெரிந்துகொள்ளப் படிப்பு எதற்கு?

வேப்பனப்பள்ளிக் கால்நடைக் கிளை நிலையத்தில் நான் இரண்டு வருஷமாக ஸ்டாக்மேன், மாட்டு டாக்டருக்குக் கீழே வேலை பார்க்கிறவன். தகரக் கூரை போட்ட ஓர் அறை, மாட்டை நிறுத்த ஒரு மரச்சட்டம், ஒரு மேஜை, இரண்டு ரிஜிஸ்டர், நான். ஊர்க்காரர்கள் என்னை டாக்டரய்யா என்கிறார்கள். கிருஷ்ணகிரியில் இருக்கும் ஆபீசர் "யோவ் எல்லப்பா" என்கிறார். இரண்டுமே எனக்குப் பொருந்தவில்லை. திட்டம் என்னவோ நல்ல திட்டம்தான். ஊரில் நல்ல சாதி மாடு பெருக வேண்டும், பால் பெருக வேண்டும். அதற்கு முதல் படி, ஊரில் திரிகிற நோஞ்சான் காளைகளுக்கெல்லாம் காயடிப்பது. பதினோரு கிராமத்தில் நூற்று நாற்பது காளைகளுக்கு மேல் என் கையால், என் இடுக்கியால் முடித்தேன். "காளைய எல்லாம் அடிச்சிட்டா எங்க பசுவுக்கு இன்னா வழி?" என்று கேட்டவர்களிடம், "ஊசி வரும், சிந்திக் காளையோட வித்து ஐஸ் குடுவையில பஸ்ஸுல வரும்" என்று சொன்னேன். சர்க்காருக்கு என்று தனியாக வாய் கிடையாது. இந்தப் பதினோரு கிராமத்தில் என் வாய்தான் அதன் வாய்.

குடுவை வரத்தான் செய்தது. திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும். வியாழன் மதியம் வரும் குடுவையில் வெள்ளி மதியமே ஐஸ் தண்ணீராகிவிடும். அதற்கப்புறம் உள்ளே இருப்பது சிந்தியும் இல்லை, நாட்டு மாடும் இல்லை, வெறும் கழுநீர். பசுவுக்கோ பருவம் ஒரு நாள். அதை விட்டால் இருபத்தொரு நாள் காத்திருக்க வேண்டும். கிழமை பார்த்துப் பருவத்துக்கு வருகிற பசுவை நான் இன்னும் பார்க்கவில்லை. செவ்வாயும் சனியும் ஞாயிறுமாக ஆட்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து என் முகத்தைப் பார்ப்பார்கள். சும்மா பார்த்துவிட்டுப் போவார்களா? "எங்க காளைய அடிச்சுப்புட்ட. இப்ப பசுவுக்கு இன்னா, நீயா வரப்போற?" என்று ஒரு பெரியவர் பத்துப் பேர் முன்னால் கேட்டார். பத்துப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது?

தினம் ஒரு குடுவை அனுப்பினால் நல்லது என்று ஆபீசுக்கு எழுதினேன். பத்தொன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. வரும் மாதம் பருவத்துக்கு வரும் பசுக்களின் பட்டியலை, உரிமையாளர் பெயர், கிராமம், தேதி ஆகிய விவரங்களுடன் முன்கூட்டியே அனுப்பினால், அதற்கேற்பக் குடுவைகள் அனுப்ப ஆவன செய்யப்படும் என்று இருந்தது. மூன்று தடவை படித்தேன். மூன்றாம் தடவையும் அப்படியேதான் இருந்தது.

நேரிலேயே கேட்டுவிடலாம் என்று கிருஷ்ணகிரிக்குப் போனேன். ஆபீசர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கெட்டவர் இல்லை, உட்காரச் சொன்னார். "ஐயா, பசு எப்ப பருவத்துக்கு வரும்னு முன்னாடியே எப்படிங்க எழுதறது?" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏன்யா, ரயில் எப்ப வரும்னு முன்னாடியே எழுதி ஒட்டி வைக்கலையா? அனுபவஸ்தன் நீ. உத்தேசமா ஒரு தேதி போட்டு அனுப்பு. பட்டியல் இல்லாம எனக்கு மேல இருக்கறவாளுக்கு நான் என்னத்தக் காட்டறது?" என்றார். அவருக்கு மேலே ஒருவர் அவரிடம் ஏதோ பட்டியல் கேட்டிருக்க வேண்டும். சரிங்கய்யா என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அந்தப் பஸ் பிரயாணம் முழுக்க என்மேலேயே எனக்கு எரிச்சல்.

பதினோரு கிராமத்துப் பசுக்களில் ஒன்றே ஒன்றின் தேதியைத்தான் என்னால் மனசறிந்து எழுத முடிந்தது. அது வெங்கடம்மாளின் மயிலைப் பசு. இரண்டு தடவை அவள் வந்து திரும்பியது என் ரிஜிஸ்டரில் இருந்தது. இரண்டும் சனிக்கிழமை. இருபத்தொரு நாள் என்றால் சரியாக மூன்று வாரம். ஒரு தடவை சனிக்கிழமையில் மாட்டிக்கொண்ட பசு திரும்பத் திரும்பச் சனிக்கிழமையில்தான் வந்து நிற்கும். முதல் சனிக்கிழமை அவளைக் குடுவை இல்லை என்று திருப்பி அனுப்பினேன். இரண்டாவது சனிக்கிழமை அவள் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல முடியவில்லை. வியாழக்கிழமைக் குடுவையில் மிச்சமிருந்த கழுநீரை ஏற்றி அனுப்பினேன். பிடிக்காது என்று தெரிந்துதான் ஏற்றினேன். அவள் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அவள் புருஷன் போய் நாலு வருஷமாகிறது. இரண்டும் பெண் குழந்தைகள். நிலம் கொழுந்தன் முனிவேல் கையில். இந்தப் பசு அவள் அம்மா வீட்டிலிருந்து வந்தது. அந்த வீட்டில் அவளுடையது என்று சொல்ல அது ஒன்றுதான். பால் இருந்தவரைக்கும் அவள் பேச்சுக்கு வீட்டில் ஒரு மதிப்பு இருந்தது. பால் வற்றி ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. மலட்டு மாட்டுக்கு எதற்குத் தீனி என்று முனிவேல் தரகனிடம் சொல்லி வைத்துவிட்டான். திங்கட்கிழமை தரகன் வருகிறான். அதற்கு முன்னால் பசுவுக்கு வித்து விழுந்தால் உண்டு. இல்லாவிட்டால் மலையாளத்துக்கு அறுப்புக்குப் போகிற மந்தையில் அதுவும் ஒன்று. அப்புறம் அவளும் பெண்களும் முனிவேல் வீட்டில் சோற்றுக்கு வேலை செய்கிற ஆட்கள்தான்.

அதனால்தான் பட்டியலில் அந்த ஒரு பெயரை மட்டும் எழுதி அனுப்பியிருந்தேன். பசு வாக்குத் தவறவில்லை. சனிக்கிழமை விடியும்போதே கத்த ஆரம்பித்திருக்கிறது. சர்க்காரிடமிருந்து வந்தது கவர்.

கவரைப் பிரித்தேன். பட்டியல் கிடைத்தது, ஆனால் மேற்படி பசுவின் இனம், வயது, கொம்பின் அமைப்பு, உடம்பில் உள்ள அடையாளங்கள், ஈற்றுகளின் எண்ணிக்கை ஆகியவை குறிப்பிடப்படவில்லை, அவற்றைப் பூர்த்தி செய்து, கிராம முன்சீப்பின் கையொப்பத்துடன் திருப்பி அனுப்பினால் குடுவை அனுப்பப்படும்.

"இன்னாங்க எழுதிருக்காங்க?" என்று வெங்கடம்மாள் கேட்டாள்.

"மாட்டோட அடையாளம் கேக்கறாங்கம்மா."

அவள் பசுவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மாடுதான் இங்கியே நிக்குதுங்களே" என்றாள்.

மற்றவர்களைப் போல அவளும் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவள் திட்டவில்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பத் தயாரானாள். பசு கழுத்தை நீட்டிக் கத்தியது. சர்க்கார் சம்பளம் வாங்குகிற எவனும் சொல்லக்கூடாத ஒன்று அப்போது என் வாயில் வந்துவிட்டது.

"எல்லைக்கு அந்தப் பக்கம் யாருகிட்டயாவது காளை இருக்குதாம்மா?"

என் இடுக்கியின் அதிகாரம் எல்லைக்கல்லோடு முடிந்துவிடும். அதற்கப்பால் மைசூர் சர்க்கார். அங்கே இன்னும் திட்டம் வரவில்லை, காளைகள் காளைகளாகவே இருந்தன.

"திம்மப்பங்கிட்ட இருக்குதுங்க. ஆனா பொம்பள நான் எப்படி ஓட்டிட்டுப் போவேன்? ஆம்பளைங்கதான காளைக்கு ஓட்டறது."

"கொழுந்தனாரைக் கேட்டுப் பாக்கறதுதானே?"

"அவரும் ஓட்டிட்டுப் போறேன்னுதான் சொல்றாரு. திங்கக்கிழமை. தரகங்கிட்ட."

அறையைப் பூட்டினேன். பழக்க தோஷத்தில் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். நாலு மைல். மார்க்கண்டேய நதியில் தண்ணீர் இல்லை, மணலில் மாட்டின் கால் புதைந்தது. காக்கிச் சட்டை போட்ட ஒருவன், ஒரு பெண்பிள்ளை, நடுவில் ஊருக்கே கேட்கும்படி கத்துகிற பசு. நாங்கள் எங்கே போகிறோம் என்று யாரும் யாரையும் கேட்கத் தேவையில்லை. மாந்தோப்பில் காய் பறித்துக்கொண்டிருந்தவர்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள். "டாக்டரே, ஊசி தீந்துபோச்சா?" என்று ஒருவன் மரத்தின் மேலிருந்து கேட்டான். எனக்குக் காது வரைக்கும் சுட்டது. வெங்கடம்மாள் முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு நடையை எட்டிப் போட்டாள்.

திம்மப்பன் கிணற்று மேட்டில் கமலை வடத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். அறுபது வயதிருக்கும். எல்லைக்கல்லைத் தாண்டி வரும் என் காக்கியைப் பார்த்ததும் கையில் கிடைத்த கழியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான்.

"அல்லே, அங்கியே நில்லு! நீதானே அந்தச் சைடு காளைங்கள எல்லாம் முடிச்ச ஆளு?"

"அவரு காளைக்கு வரலைங்க, நான்தான் பசுவுக்கு வந்தேன்" என்று வெங்கடம்மாள் நடுவில் வந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். முனிவேல், தரகன், குடுவை, கவர் வரைக்கும் சொன்னாள். அவள் அத்தனை பேசி நான் கேட்டதில்லை. திம்மப்பன் அவளுக்குத் தலையை ஆட்டிக்கொண்டே என் பையைப் பார்த்தான்.

"பையில இன்னா இருக்குது?"

இடுக்கி இருந்தது. அது எப்போதும் பையில்தான் இருக்கும். பையை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டேன்.

"மாடு வரட்டும், நான் வேணாங்கல. பாவம், வாயில்லாத சீவன். நீ வர்றது பேடா, வேணாம். அந்தப் பை என் காளை கண்ணுல படக்கூடாது."

அவன் மனைவி ரங்கம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். வெங்கடம்மாளுக்குக் கொடுத்தாள், கொஞ்சம் யோசித்து எனக்கும் கொடுத்தாள். "நீயும் இங்க நிக்காதம்மா, பொம்பளைங்க பாக்கக்கூடாது. கயித்த எங்க ஊட்டுக்காரருகிட்ட குடுத்துட்டு ஏரிக்கரைக்குப் போ. அவரு பாத்துக்குவாரு" என்றாள். வெங்கடம்மாள் கயிற்றைக் கொடுத்தாள். பசுவின் நெற்றியில் ஒரு தடவை கையை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

ஆக, என் தொழில் என்னை விலக்கியது, வழக்கம் அவளை விலக்கியது. இரண்டு பேரும் ஏரிக்கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு எங்கள் சீமையைப் பார்த்து நின்றோம். மாட்டைப் பற்றி இரண்டு வருஷம் படித்திருக்கிறேன். எந்த நாழிகையில் என்ன நடக்கும் என்று தெரியும். பசு களைத்திருக்கிறது, வெயில் அதிகம், ஒரு தடவையில் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். இதை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

"ஐயா" என்றாள் அவள், முன்னால் பார்த்தபடியே. "ஊசி போட்டாச்சுன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க."

"ஊசி போடலையேம்மா."

"அன்னிக்குப் போட்டீங்களே, அதுக்கு இன்னிக்கித் தேதி போட்டுக் குடுங்க."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு நான் ஏற்றியது எதற்கும் ஆகாது என்று தெரிந்துகொண்டேதான் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

"இங்க வந்தத அத்தனை பேரு பாத்தாங்க. உங்க கொழுந்தனாரு காதுக்குப் போவாதா?"

"போவும். போனா போவட்டும். ஜனங்க ஆயிரம் சொல்லும், சர்க்காரு பேப்பர்ல இருந்தா அவரு கைவைக்க மாட்டாரு. மாடு ரெண்டு மாசம் ஊட்டுலயே நின்னுடும். ரெண்டு மாசத்துல தெரிஞ்சிடும் இல்லீங்க?"

"தெரிஞ்சிடும்."

பையைத் திறந்தேன். சீட்டுப் புத்தகம் இடுக்கிக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. முழங்காலை மடக்கி அதன்மேல் வைத்து எழுதினேன். உரிமையாளர் வெங்கடம்மாள். பசு மயிலை. சினை ஊசி போடப்பட்டது. காளை சிந்தி. தேதி. கையெழுத்தைப் போட்டேன். கிழித்துக் கொடுத்தேன். நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

எங்களுக்குப் பின்னால் காலையிலிருந்து ஓயாமல் கத்திக்கொண்டிருந்த பசு சட்டென்று நிறுத்தியது. திம்மப்பன் காளையிடம் தாழ்ந்த குரலில் கன்னடத்தில் என்னவோ சொல்வது கேட்டது. நான் திரும்பவில்லை. அவளும் திரும்பவில்லை. வறண்ட ஆற்றையும் அதற்கப்பால் இருந்த எங்கள் ஊர்களையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வலது கையில் கயிறு இல்லை. ஆனால் விரல்கள் கயிற்றைப் பிடித்திருந்த மாதிரியே இறுக மூடியிருந்தன.