இரண்டு கண்ணும் திறந்து

செந்தூரன் எழும்பினான். கிணற்றடியில் முகம் கழுவினான். தேத்தண்ணி ஊற்றிக் குடித்தான். கோழிகளைத் திறந்துவிட்டான். முரசுமோட்டையில் வெயில் நேரத்தோடேயே ஏறியிருந்தது. பிறகு அலுமாரியிலிருந்து, செத்துப்போன மனைவி தாட்சாயினியின் இரண்டு பிலிம் கமராக்களையும் எடுத்து மேசையில் வைத்தான்.

அன்று அவளுடைய தங்கை யதுர்ஷிகாவுக்கு வட்டக்கச்சியில் கல்யாணம். தாலி கட்டும்போது அத்தான்தான் படம் எடுக்கவேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். மனைவியைப் பறிகொடுத்தவன் ஆண்டுத் திவசம் முடியுமுன் மணவறைப் பக்கம் வரக்கூடாது என்றாள் மாமி கமலாசனி. பின்வரிசைக் கதிரையில் இருக்கலாம், சாப்பிடலாம். மாமி வீட்டுக்கு அந்தக் கரைச்சல் இல்லை. கட்டிக்கொடுத்த பிள்ளை என்பதால் மூன்று நாளோடு அவர்களுக்குச் சாவுத் துடக்குக் கழிந்துவிட்டது.

ரஷ்யக் கமராவைக் கண்ணில் வைத்துப் பார்த்தான். படத்தில் விழுவது மட்டும் தெரிந்தது. சுற்றிவர இருட்டு. ஒளிந்துகொள்ள நல்ல இடம். மற்றது லைக்கா. அதில் வெள்ளைக் கோட்டுச் சட்டம் ஒன்று மிதந்தது. சட்டத்துக்கு வெளியே இருப்பதும் தெரிந்தது. மற்றக் கண்ணை மூடத் தேவையில்லை. யார் முகம் சுளிக்கிறார்கள், யார் சேலையை ஒதுக்கிக்கொண்டு விலகுகிறார்கள், எல்லாம் பார்க்கலாம்.

லைக்காவைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

மண்டபத்தில் யாரையும் கேட்காமல் மணவறைக்கு முன்னால் போய் நின்றான். வீடியோக்காரர் ஒதுங்கி இடம் விட்டார். மாமி வந்து முழங்கையைப் பிடித்தாள்.

"தம்பி, சனம் பாக்குது. பின்னால போங்கோ."

"நானும் சனத்தைப் பாத்துக்கொண்டுதான் நிக்கிறன் மாமி."

யதுர்ஷிகா மாலைக்குள்ளிருந்து தலையை நிமிர்த்தினாள். "அத்தானை விடுங்கோ அம்மா. இல்லாட்டி நானும் எழும்பிப் பின்கதிரைக்குப் போவன். தாலியை அங்க கொண்டந்து கட்டட்டும்."

மாப்பிள்ளை சிரிப்பை அடக்கிக் குனிந்துகொண்டான்.

கெட்டிமேளம் முழங்கியது. செந்தூரன் இரண்டு கண்ணையும் திறந்தபடி பார்த்தான். சட்டத்துக்குள் மாப்பிள்ளையின் கைகளும் அவள் கழுத்தும். வெளியே, அறுகரிசி எறிய மறந்து அவனையே முறைத்துக்கொண்டிருந்த பெண்கள். பொத்தானை அமத்தினான். பிலிமைச் சுற்றி மறுபடி அமத்தினான்.

மேளம் ஓய்ந்ததும் மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு நாலு பேருக்குக் கேட்கச் சொன்னாள்: "என்ர பிள்ளை கண்ணை மூடேக்கயும் தங்கச்சின்ர கலியாணத்தில ஒரு குறையும் வரக்கூடாது எண்டுதானே சொன்னவள்."

இந்தக் கதையைச் செத்த வீட்டிலிருந்தே எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவன் ஒருநாளும் மறுத்ததில்லை. இப்போது கமராவை இறக்கினான்.

"நீங்கள் ஆசுபத்திரி விறாந்தையில இருந்தனீங்கள் மாமி. கட்டிலடியில நான் மட்டும்தான் நிண்டனான்."

"அப்ப என்னதான் சொன்னவள்?"

அவள் கடைசியாகச் சொன்னதை அவன் அப்படியே சொன்னான்.

"அந்த ஃபானை இஞ்சால திருப்பி விடுங்கோ, வேர்க்குது."