மழையை அதட்டிய மகாராஜா

நெஞ்சுவலி வந்து மாதக்கணக்கில் வீட்டோடு கிடந்த வெங்கடகிருஷ்ணனுக்கு, நாடக ஒத்திகைக்குப் போகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியாயிற்று. ஆனால் வலியசாலைத் தெருவில் அந்த வீட்டைப் பொறுத்தவரை டாக்டர் சொல்வது வெறும் அபிப்பிராயம். மனைவி பாகீரதி சொல்வதுதான் உத்தரவு.

"நானும் வருவேன். எதிர்த்தாப்பல உட்காருவேன்," என்றாள் அவள். "உங்க மூஞ்சி சிவந்தா விரலைத் தூக்குவேன். உடனே குரலைத் தாழ்த்திக்கணும். ஒரு தரம் தாழ்த்தலைன்னாலும் கையைப் பிடிச்சு ஆத்துக்கு அழைச்சுண்டு வந்துடுவேன். அப்புறம் ராஜாவும் கிடையாது, மந்திரியும் கிடையாது."

வெங்கடகிருஷ்ணன் தலையாட்டினார். வேறு வழி? தெருக்காரர்கள் நவராத்திரிக்குப் போடும் இசை நாடகத்தில் அவர்தான் ராஜா. வேறு நாடகம் எழுத ஆளில்லாததால் வருஷா வருஷம் அதே நாடகம்தான். அடைமழையைப் பார்த்து 'நில்' என்று அதட்டுகிற ராஜாவின் கதை. முக்கால்வாசி நேரம் வானத்தைப் பார்த்துத் தொண்டை கிழியப் பாடவேண்டும். மனிதர் அதில் ஒரு குறையும் வைத்ததில்லை. ஆனால் பாகீரதி அதை ஒருநாளும் பாட்டு என்று சொன்னதில்லை. 'கத்தல்' என்பாள். "இன்னிக்குக் கத்தல் உண்டா?" என்று கேட்டுக்கொண்டுதான் ராத்திரிச் சமையலுக்கு அரிசி களைவாள். நாடகம் பார்க்க வந்தாலும் பக்கத்து வீட்டு மாமியோடு பேச்சுதான்.

ஒத்திகை கோயிலை ஒட்டிய கல்யாண ஹாலில். இத்தனை நாள் ராஜாவுக்குப் பதிலாக நின்றவன், கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் சுமந்த். அட்டைக் கிரீடத்தைக் கழற்றி அவர் தலையில் வைத்துவிட்டு, "எனக்கு இனி வய்யா மாமா, என்னால முடியாது. நீங்களே மழையோட மல்லுக்கட்டுங்கோ," என்று சந்தோஷமாகப் பின்பாட்டுக் கோஷ்டியில் போய் நின்றுகொண்டான்.

முதல் பாட்டு ஆரம்பித்தது. வெங்கடகிருஷ்ணனுக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது. மேலே போனார். பாகீரதியின் விரலும் மேலே போனது. அவர் குரலை இழுத்துப் பிடிப்பதற்குள் ஆர்மோனியம் சட்டென்று நின்றது. வாசித்துக்கொண்டிருந்த கோலப்பன் விரலைப் பார்த்துக் கையை எடுத்துவிட்டார். வெளியே பெய்த நிஜ மழையின் சத்தம் மட்டும் கேட்டது. அந்த இடைவெளியில் ராஜா, தப்பிக்க வேறு வழி தெரியாமல், மெதுவாக "நில்" என்றார்.

"ஏன் கோலப்பன் நிறுத்தினேள்?" என்று கேட்டார் வெங்கடகிருஷ்ணன்.

"மாமி கை காட்டுனாங்கல்லா சாரே. அதான் நிப்பாட்டுனேன்."

நாடகத்தை நடத்தும் தாணுமாலயன் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு தாடையைத் தடவினார். "கொள்ளாம் வெங்கிடி, நல்லாருக்கு. கத்தும்போது நீதான் மழையைப் பார்த்துப் பயந்த மாதிரி இருக்கும். இப்பதான் மழை உன்னைப் பார்த்துப் பயப்படுது. இது இப்படியே இருக்கட்டும். மாமி, நீங்க தாராளமா கை காட்டுங்க."

அதற்கப்புறம் பாகீரதியைப் பிடிக்க முடியவில்லை. முகம் சிவக்கும்வரை காத்திருக்கவில்லை, நினைத்த இடத்தில் எல்லாம் விரல் எழுந்தது. எழுந்த இடத்தில் எல்லாம் ஆர்மோனியம் நின்றது, ராஜா தணிந்தார். நாடகம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் கடைசிப் பாட்டு தணிந்து பாடுகிற பாட்டில்லை. அதட்டலுக்குப் பயந்து போன மழை திரும்பவே இல்லை. ஆறு வற்றி, ஊர் காய்ந்து, ராஜா மண்டியிட்டு 'வா' என்று கெஞ்சுகிறான். அந்த 'வா' உச்சியில் நிற்கவேண்டும். படுக்கையில் கிடந்தபோது அவர் மனசுக்குள் பாடிக்கொண்டிருந்தது அந்த ஒன்றைத்தான். அதைப் பாட முடியவில்லை என்றால் திரும்பி வந்ததற்கே அர்த்தமில்லை. பாடினால் பாகீரதி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவாள்.

மண்டியிட்டார். ஆர்மோனியத்தோடு கூடவே படிப்படியாக ஏறினார். குரல் அவர் பயந்த மாதிரி உடையவில்லை, தடையில்லாமல் ஏறியது. 'வா'வைத் தொட்டு நின்றபோது ஓரக்கண்ணால் எதிரே பார்த்தார். விரல் இல்லை. அந்த 'வா'வை இன்னும் கொஞ்சம் இழுத்தார். அப்போதும் இல்லை. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுத்த அடி மறந்துபோய்ப் பாட்டு அறுந்தது.

பாகீரதி இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாட்டு நின்றதும்தான் நிமிர்ந்தாள்.

"ஏன் நிறுத்தினேள்?"

"நீ விரலைத் தூக்கலையே," என்றார் அவர்.

அவள் தன் கையைக் குனிந்து பார்த்தாள், அது அங்கே இருப்பதே இப்போதுதான் தெரிந்த மாதிரி.

"மறந்துட்டேன்," என்றாள். "பாட்டைக் கேட்டுண்டிருந்தேன்."

வெங்கடகிருஷ்ணனுக்கு நெஞ்சை அடைத்தது. டாக்டர் எச்சரித்த வகை அடைப்பில்லை அது. கோணியிருந்த கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு, மறுபடி முதலிலிருந்து வாசிக்கும்படி கோலப்பனுக்குச் சைகை காட்டினார்.