இருளாயிக்கு வைத்த மருந்து

புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய் நாலைந்து வருஷம் இருக்கும். என் ஓரகத்தி இருளாயிக்கு நான் சோற்றில் மருந்து வைத்துவிட்டேன் என்று ஊரே பேசியது. எங்களுக்குள் ஒரு வரப்புச் சண்டை, அவ்வளவுதான்.

அவளுக்குத் தீட்டு நின்று வெகுநாளாயிற்று. திடீரென்று அடிவயிற்றில் வலி பிடுங்கும், வாந்தி வரும். இலுப்பூரிலிருந்து மருந்து எடுக்கிறவர் வந்து, வயிற்றில் குழல் வைத்து உறிஞ்சி, கறுப்பாக எதையோ துப்பிக் காட்டுவார். வலியும் நின்றுவிடும். நின்றதுதான் வம்பு. மறுபடி வலித்தால், நான் மறுபடி வைத்துவிட்டேன் என்பார்கள். அவள் வாசலையே மிதிக்காதவள் எப்படி வைப்பேனாம்?

ஒருநாள் அவர் உறிஞ்சியும் வலி நிற்கவில்லை. அவள் முனகல் என் அடுப்படி வரை கேட்டது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, போய்விட்டேன்.

"உள்ள வராதீங்க சின்னாத்தா" என்று அவள் மகன் சேவுகன் மறித்தான்.

"நாந்தான வச்சேன்? நானே கொண்டுபோயி எடுத்துட்டு வாரேன். வண்டியப் பூட்டுடா."

அன்னவாசலில் பஸ் பிடித்தோம். வழியெல்லாம் வாந்தி. என் மடியில் செத்தால் என்னைக் கொலைகாரி என்பார்கள். அதைவிட, செத்துவிடுவாளே என்றுதான் பயந்தேன்.

புதுக்கோட்டையில் லேடி டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "முன்னாடி வலி வந்து வந்து நின்னுச்சா?"

"மருந்து எடுத்ததும் நின்னுச்சுங்க" என்றான் சேவுகன்.

"மருந்தும் இல்ல, மாயமும் இல்ல. சினைப்பையில கட்டி. அது முறுக்கிக்கிட்டா வலிக்கும், தானா பிரிஞ்சா நிக்கும். இப்பப் பிரியல. ரத்தம் போகாம அழுகிரும். ஒடனே ஆப்பரேஷன் பண்ணணும்."

"தீட்டு நின்னவளுக்குமாங்க?" என்றேன்.

"நின்னாலும் பை உள்ளதான இருக்கு. வயசானவங்கன்னா யாரும் அதை நெனைக்கிறதில்ல."

ஆப்பரேஷன் அறைக் கதவு திறக்கும்வரை வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன். தேங்காய் அளவுக் கட்டி, கறுத்துப்போய்க் கிண்ணத்தில் வந்தது. உயிருக்குப் பயமில்லை என்றார்கள்.

சேவுகன் கட்டியையும் என்னையும் பார்த்தான். "இம்புட்டு மருந்தா சின்னாத்தா?"

அவனை அறையக் கை பரபரத்தது.

கஞ்சி கொடுக்கலாம் என்று சொன்ன அன்று, ஆஸ்பத்திரிக் கொட்டகையில் கல்லடுப்பு மூட்டிக் காய்ச்சினேன். கொண்டுவந்தும் நீட்டத் தைரியமில்லை. சேவுகன் தூக்குச்சட்டியோடு கிளப்புக்கடையில் கஞ்சி வாங்கக் கிளம்பினான்.

"எங்கடா போற?" என்றாள் இருளாயி. பிறகு என் பக்கம் திரும்பினாள். "மீனம்மா, அத இங்கிட்டுக் குடு."

வாங்கிக் குடித்தாள். முழுக்கக் குடித்துவிட்டு, இன்னும் இருக்கா என்று கேட்டாள். நான் அழுதுவிட்டேன்.