துணிக் கருப்பை

துணிக் கருப்பையை உரிமையக்கா தலைக்கு மேலே தூக்கிக் காட்டியதும் தையற்கூடத்துப் பெண்கள் சாப்பாட்டுக் கையோடு சிரித்தார்கள்.

"என்னக்கா இது, தலையணைக்குக் கை முளைச்ச மாதிரி?"

"இந்தத் தலையணையிலதான்டி நாம எல்லாரும் பத்து மாசம் தூங்கினோம்."

அவள் ஒரு கிளினிக்கின் களப்பணியாளர். 'உன் உடம்பு, உன் உரிமை' என்று மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்வதால் அந்தப் பட்டப்பெயர். அதை வைத்தவள் அந்தக் கூடத்தில் காலர் தைப்பவள். வெட்டுத்துணியில் கருப்பையைத் தைத்துக் கொடுத்தவளும் அவள்தான். இடது குழாயில் தையல் விட்டுப் பஞ்சு எட்டிப் பார்த்தது. "அடுத்த கூட்டத்துல போட்டுத் தரேன்கா" என்றாள்.

காலர்காரிக்கு மூன்று பெண்கள். கடைசிப் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய்ப் பிழைத்ததே பெரிய பாடு. இன்னொன்று தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டிலோ ஆண்பிள்ளை வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாருக்கும் தெரியாமல் கிளினிக்குக்கு வந்து கருத்தடை ஊசி போட்டுக்கொண்டாள்.

இந்தமுறை ஊசி நாளில் அவள் வரவில்லை. வேலைக்கும் வரவில்லை. போன் அணைந்து கிடந்தது. உரிமையக்கா அவள் வீட்டுக்குப் போவதா வேண்டாமா என்று இரண்டு நாள் மருகினாள். கடைசியில் கிளினிக் பையை வைத்துவிட்டு, சொல்ல வேண்டிய பொய்யை ஒத்திகை பார்த்துக்கொண்டு கிளம்பினாள்.

காலர்காரியின் மாமியார் நல்லபடியாகத்தான் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

"காலர் அளவுல ஒரு சந்தேகம்மா. சூப்பர்வைசர் கேட்டுட்டு வரச் சொன்னாரு."

கிழவி தலையைச் சாய்த்தாள். "இந்தக் குரலை எங்கியோ கேட்டிருக்கேனே. தண்ணித் தொட்டிகிட்ட மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, புள்ள பெத்துக்கிறது பொம்பள இஷ்டம்னு கத்துனவ நீதானே?"

ஆமாம் என்று சொல்லக்கூடாது. உரிமையக்கா டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

காலர்காரி உள்ளிருந்து வந்தாள். இடுப்பில் கடைக்குட்டி, அதன் நெற்றியில் ஈரத்துணி. காய்ச்சல். வேறு ஒன்றுமில்லை, நாளையோ மறுநாளோ அவளே வந்திருப்பாள்.

"இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது அத்தே."

"தெரியாதவளுக்கு உன்மேல என்னடி இவ்வளவு அக்கறை?" கிழவி உரிமையக்கா பக்கம் திரும்பினாள். "எங்க வீட்டு வயித்துல என்ன இருக்கணும்னு சொல்ல நீ யாரும்மா?"

எத்தனையோ கூட்டங்களில் சொன்ன பதில்தான். இங்கே அதைச் சொன்னால் மாட்டிக்கொள்வது காலர்காரி.

"தண்ணியைக் குடிச்சிட்டுக் கிளம்பு" என்று சொல்லி, கிழவி மகனுக்குப் போன் போட்டாள். காலர்காரி குழந்தையின் நெற்றித் துணியை எடுத்து மடித்து மறுபடி போட்டாள். நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

கிளினிக்கில் மேலதிகாரி, "அவங்களா வந்து கேட்டாத்தான் நாம தலையிட முடியும்" என்றார். புதிதாகச் சேர்பவர்களுக்கு உரிமையக்காவே சொல்லிக்கொடுக்கும் விதி அது.

அடுத்தடுத்த கூட்டங்களில் காலர் மிஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். அப்படி ஒரு கூட்டத்தில் பக்கத்து மிஷின்காரி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அவ இனிமே வரமாட்டாக்கா. வாந்தியாம். வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷத்துல தலைகால் புரியலையாம்."

பெண்கள் கை கழுவி வந்து உட்கார்ந்தார்கள். "தலையணையை எடுங்கக்கா" என்றாள் ஒருத்தி. உரிமையக்கா எடுத்தாள். இடது குழாயில் பஞ்சு இன்னும் கொஞ்சம் வெளியே வந்திருந்தது. விரலால் உள்ளே தள்ளினாள். கையை எடுத்ததும் அது மெல்ல வெளியே வந்தது. மறுபடி தள்ளினாள்.